தொட்டிக்குள் ஒரு நதி – 14: வெளிச்சம் மேலிருந்து வரட்டும்

போன வாரம் தொட்டிச் செடிகளைப் பற்றி எழுதியதும், வாசகர்கள் பலர் தங்கள் வீட்டு மீன்தொட்டிகளைப் படமெடுத்து அனுப்பியிருந்தார்கள். தொட்டிகள் அருமை. ஆனால் நேரில் இருக்கும் அழகு படத்தில் வரவில்லை. கண்ணாடியில் ஃபிளாஷ் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது; அதற்குப் பின்னால் வெளிறிப்போன ஒரு மீன். சில படங்களில் எடுத்தவரின் சட்டையும் எதிர்ச் சுவரின் ஜன்னலும்கூடத் தெரிகின்றன. “மேக்ரோ லென்ஸ் வாங்கினால் சரியாகிவிடுமா?” என்பதுதான் பலருடைய கேள்வி. ஆகாது. லென்ஸுக்குச் செலவு செய்யும் முன் வெளிச்சத்தை இடம் மாற்றுங்கள்.

ஆற்றிலும் குளத்திலும் மீனுக்கு வெளிச்சம் மேலிருந்துதான் வருகிறது. அதன் உடலின் நிறங்கள் அந்த வெளிச்சத்தில்தான் எடுபடும். நியான் டெட்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் ஓடும் அந்த நீலக் கோட்டில் நீலச் சாயம் எதுவும் கிடையாது. தோலின் செல்களுக்குள் குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளிதான் நமக்கு நீலமாகத் தெரிகிறது. ஒளி வரும் கோணம் மாறினால் நிறமும் மாறும். பச்சை கலந்த நீலமாகும், ஊதா பக்கம் சாயும். நேர் எதிரே இருந்து ஃபிளாஷ் அடித்தால், வெள்ளிச் செதில்கள் அந்த வெளிச்சத்தை அப்படியே கேமராவுக்குத் திருப்பி அனுப்பிவிடுகின்றன. நிறம் வெளுத்துப்போவது அதனால்தான். மேலிருந்து விழும் வெளிச்சமோ உடலைத் தடவிக்கொண்டு இறங்கும். ஒவ்வொரு செதிலின் ஓரமும் தனித்தனியாகத் தெரியும்.

கேமராவில் இருந்து கழற்றித் தனியே வைக்கக்கூடிய ஃபிளாஷ் இருந்தால், தொட்டியின் மூடிக் கண்ணாடி மேல் கீழ்நோக்கி வையுங்கள். நடுவில் ஒரு பட்டர் பேப்பர் வைத்தால் வெளிச்சம் மென்மையாகப் பரவும். கேமராவில் உள்ள வயர்லெஸ் ட்ரிகர் அதை இயக்கும். ஷட்டர் 1/160 அல்லது 1/200, துளை எஃப்/8 முதல் எஃப்/11 வரை, ஐ.எஸ்.ஓ. 200: இங்கிருந்து தொடங்கலாம். ஃபிளாஷைக் குறைந்த சக்தியில் வைத்தால் அது மின்னும் நேரம் 1/10,000 நொடிக்கு அருகில் இருக்கும். வாலை வீசித் திரும்பும் கப்பியும் அதில் உறைந்து நிற்கும். மூடி இல்லாத தொட்டியின் மேல் ஃபிளாஷையோ மேஜை விளக்கையோ எந்தக் காரணத்துக்காகவும் வைக்காதீர்கள். தண்ணீரும் மின்சாரமும் சேரும் இடம் அது.

மொபைல் வைத்திருப்பவர்கள் முதலில் அதன் ஃபிளாஷை அணைக்க வேண்டும். தொட்டி விளக்கோடு, மூடியின் மேல் இன்னொரு எல்.இ.டி. விளக்கு போதும். படத்தில் கோடு கோடாக விழுந்தால், கோளாறு போனில் இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான எல்.இ.டி. அதனால் நொடிக்கு 100 முறை மினுங்கும். ஷட்டரை 1/100-க்கு மாற்றினால் பெரும்பாலும் கோடுகள் மறையும். டிம்மர் உள்ள விளக்கென்றால் முழு வெளிச்சத்தில் வையுங்கள். இன்னொன்று: மிக அருகே கொண்டுபோனதும் பல போன்கள் தாமாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறி, மேக்ரோ என்று காட்டும். மீன் கண்ணாடியை ஒட்டி நின்றால் ஒழிய அதில் பயனில்லை. அதை அணைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி நின்று 2 எக்ஸ், 3 எக்ஸ் ஜூமில் எடுங்கள்.

அடுத்தது கோணம். டம்ளர் தண்ணீரில் ஸ்பூன் வளைந்து தெரிவது எல்லோருக்கும் தெரியும். தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33; கண்ணாடிக்குச் சுமார் 1.5. மீனிடமிருந்து வரும் ஒளி இரண்டையும் தாண்டித்தான் லென்ஸுக்கு வர வேண்டும். லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக இருந்தால் ஒளி வளையாமல் வரும். சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு அளவு வளைந்து, மீனின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கரை கட்டும், கண் மங்கும். ஃபோகஸ் போய்விட்டது என்று நாம் நினைக்கும் படங்களில் பல, சாய்த்துப் பிடித்ததால் கெட்டவை. மீன் மூலைக்குப் போனால் கேமராவைத் திருப்பாதீர்கள், நீங்கள் நகருங்கள். லென்ஸின் முனையில் ஒரு ரப்பர் ஹூட் மாட்டிக் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் கோணமும் சரியாகும், பிரதிபலிப்பும் ஒழியும். அறை விளக்குகளை அணைத்து, தொட்டி விளக்கை மட்டும் எரியவிடுங்கள். அதையும் அரை மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். இருட்டில் இருந்த டெட்ரா வெளிறிக் கிடக்கும், நிறம் திரும்ப நேரம் கொடுக்க வேண்டும். திடீர் வெளிச்சத்தில் கண்ணை மூடிக்கொள்ள மீனுக்கு இமை கிடையாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கண்ணாடி சுத்தம் பற்றிச் சுருக்கமாக. போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் நீர்மட்டத்தை ஒட்டி வெள்ளை உப்புக் கறை படிந்திருக்கும். துணியில் வினிகர் நனைத்து, தொட்டிக்குள் சொட்டாமல் துடைத்தால் போய்விடும். உள்பக்கப் பாசிக்குப் பழைய ஏ.டி.எம். கார்டு போதும். தண்ணீர் மாற்றிய உடனே படமெடுக்க உட்காராதீர்கள். இலையிலும் கண்ணாடியிலும் பொடிக் குமிழிகள் ஒட்டியிருக்கும். முதல் நாளே மாற்றிவிடுங்கள்.

இனி, நெருக்கப் படத்தின் உண்மையான சிக்கலுக்கு வருவோம். மேக்ரோ லென்ஸில் பொருளை அதன் அசல் அளவிலேயே சென்சாரில் விழவைக்கும்போது, எஃப்/8 துளையில்கூடத் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 1 மி.மீ.தான். நீந்தும் மீனின் கண்ணை அந்த 1 மி.மீ.க்குள் பிடிப்பது கடினம். அதனால் புதிதாகத் தொடங்குபவர்கள் இறாலிடம் போகும்படி சொல்கிறேன். சென்னை கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் செர்ரி இறால் என்று கேட்டால் கொடுப்பார்கள். வளர்ந்தாலும் 3 செ.மீ.க்குள்தான் இருக்கும். பாசியை மேய்ந்தபடி ஒரே இலையில் வெகுநேரம் நிற்கும்.

சினை இறால் கிடைத்தால் அதைவிட நல்ல பாடம் இல்லை. வயிற்றுக்கு அடியில் இருபது, முப்பது முட்டைகளைச் சுமந்துகொண்டு, நீச்சல் கால்களால் ஓயாமல் விசிறிக்கொண்டே இருக்கும்; முட்டைகளுக்குப் புது நீர் கிடைக்க வேண்டுமே. ஒரு முட்டை சுமார் 1 மி.மீ. நம் லென்ஸின் தெளிவு ஆழமும் அதேதான். ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, முன்வரிசை முட்டைகளில் ஃபோகஸை நிறுத்தி, உடம்பை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் அசைத்துத் தொடர்ச்சியாக எடுங்கள். பொரிக்கும் நாள் நெருங்கிய முட்டையாக இருந்தால், படத்தைப் பெரிதாக்கும்போது ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும். அவை குஞ்சுகளின் கண்கள். வெறும் கண்ணால் பார்த்தபோது கண்ணில் படாத ஒன்றைக் கேமரா காட்டும் அந்தக் கணத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன்.

இறால் கைவந்த பிறகு மீனுக்கு வரலாம். மீனைத் துரத்தாமல், அது அடிக்கடி வந்துபோகும் ஒரு செடியில் ஃபோகஸை வைத்துக் காத்திருங்கள். பக்கவாட்டில் திரும்பும்போது கண்ணைக் குறிவையுங்கள். ஃபைட்டர் மீன்களின் துடுப்புகளைப் பட்டுத் துணி விரிந்ததுபோல் எடுத்து உலகப் புகழ் பெற்றவர் தாய்லாந்தின் விசாரூத் அங்கத்தவானிச். அந்தப் படங்களில் பின்னணியில் எதுவும் இருக்காது, மீன் மட்டுமே. நம் வீட்டிலும் தொட்டிக்குப் பின்னால் ஒரு கறுப்பு சார்ட் அட்டையை ஒட்டிப் பாருங்கள், படம் எவ்வளவு மாறுகிறது என்று தெரியும். துடுப்பை விரிக்கவைக்கச் சிலர் கண்ணாடியைக் காட்டுவார்கள். எதிரி என்று நினைத்துத்தான் அது சிலிர்க்கிறது. ஓரிரு நிமிடங்களுக்கு மேல் வேண்டாம்.

ஒரே ஒரு வேண்டுகோள். படத்துக்காகத் தொட்டியைத் தட்டாதீர்கள், குச்சியால் விரட்டாதீர்கள். மீன் துடுப்பை ஒடுக்கிக்கொண்டு மூலையில் போய் நின்றால், அன்றைக்குக் கேமராவை எடுத்து வைத்துவிடுங்கள். அடுத்த வாரம் முழுத் தொட்டியையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவருவது பற்றி எழுதுகிறேன். அந்தக் கலையை உலகுக்குக் காட்டிய ஜப்பானியர் தகாஷி அமானோவிடமிருந்து தொடங்குவோம்.