பார்த்த காணொளியைக் கணினியில் சேமிக்க முடியுமா?

மகளின் அரங்கேற்றத்தை உறவினர் யூடியூப்பில் ஏற்றியிருக்கிறார். எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்று இருந்துவிடுகிறோம். அவர் கணக்கை மூடினால் காணொளியும் போய்விடும்.

யூடியூப் 2005-இல் வந்த புதிதில், ஓடிய காணொளி உலாவியின் தற்காலிகக் கோப்புறையில் முழுக் கோப்பாகவே கிடக்கும். அதை நகலெடுத்து வைத்தவர்கள் கெட்டிக்காரர்கள்! இன்று அது சில விநாடித் துண்டுகளாக வருகிறது. படமும் ஒலியும்கூடத் தனித்தனி. பார்த்தபின் துண்டுகள் அழிந்துவிடும். கட்டணச் சந்தாதாரர் இறக்கி வைப்பதும் யூடியூப்புக்குள் மட்டுமே ஓடும்.

ஏற்றியவரோ யூடியூப் ஸ்டூடியோவில் எம்பி4 கோப்பாகவே இறக்கலாம். ஆனால் தரம் 720பிக்கு மேல் வராது. ஆகவே உறவினரிடம் கேமராவில் பதிவான மூலக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று என வையுங்கள்.