ஜனநெருக்கம் மிகுந்த நாட்டில் தேக்கு வளர்ப்பு

தேக்கு பொறுமையை வேண்டி நிற்கும் பயிர். வைரம் பாய்ந்த பெருமரம் கிடைக்க 60 முதல் 80 ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். சதுர கிலோமீட்டருக்கு 1,000 பேருக்கு மேல் வாழும் ஜாவாத் தீவில் ஒரு மரத்தை அத்துணை காலம் காத்து நிற்பது எவ்வாறு? இந்தோனேசியர் இதற்குக் கண்ட விடை நம் அங்கத்தினர் யாவரும் அறியத்தக்கது.

டச்சு ஆட்சியினர் 1870-களில் அங்கு ஊடுபயிர் முறையைப் புகுத்தினர். நிலமற்ற குடியானவர் தேக்கங்கன்றுகளை நட்டுக் களையெடுத்துக் காப்பர்; அதற்கு ஈடாக வரிசைகளுக்கிடையே ஓரிரு ஆண்டுகள் நெல்லும் மக்காச்சோளமும் விளைத்துக்கொள்வர். நிழல் கவிந்ததும் அவர்கள் வெளியேற வேண்டும். முற்றிய மரத்தின் விலையில் அவர்களுக்குப் பங்கில்லை. பங்கில்லாத பொருளின்மீது பற்று எங்ஙனம் உண்டாகும்? 1998-ல் பொருளாதார நெருக்கடியும் ஆட்சி மாற்றமும் ஒருங்கே வந்தபோது, கள்ள மரவியாபாரிகளின் தூண்டுதலும் சேர, சர்க்கார் தேக்குக் காடுகள் பெருவாரியாகச் சூறையாடப்பட்டன. காவலரால் தடுக்க இயலவில்லை. ஆகவே அக்காடுகளை நிர்வகிக்கும் பெர்ஹுத்தானி என்னும் சர்க்கார் நிறுவனம், 2001 முதல் சுற்றுப்புறக் கிராமத்தாருக்கு மர வருவாயில் நூற்றுக்கு 25 வரை பங்களிக்க முன்வந்தது.

இதனினும் சிறந்த பாடம் ஜோக்ஜகார்த்தாப் பகுதியிலுள்ள குனுங் கிடுல் மாவட்டத்தில் உள்ளது. ஒரு காலத்தில் மொட்டையாய்க் கிடந்த அச்சுண்ணாம்புக்கல் மேடுகளில் குடியானவர் தம் சொந்த நிலத்திலேயே தேக்கும் மகோகனியும் நட்டுப் பசுமையாக்கினர். அவர்களுக்கு மரமே சேமிப்பு. பிள்ளையின் பள்ளிக் கட்டணம், திருமணம், நோய் என்று எது வரினும் ஒரு மரம் வீழும். இளமரத்தில் வைரம் குறைவு, வெள்ளைக்கட்டை மிகுதி. ஆதலின் விலையும் அற்பமே. இன்னும் பத்தாண்டு நின்றிருந்தால் பன்மடங்கு பெற்றிருக்கும் மரம், அவசரத்தால் வியாபாரியின் சொல்விலைக்குப் போகிறது.

இந்நிலையை மாற்ற அவர்கள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தனர். நிற்கும் மரங்களைக் கணக்கெடுத்து, ஆண்டு வளர்ச்சிக்கு மேற்படாமல் வெட்டுவதென வரையறுத்தனர். நற்பராமரிப்புக்கான இந்தோனேசியச் சான்றிதழ் 2006-ல் அச்சங்கத்திற்கு வழங்கப்பட்டது. பின்னர், மரத்தை வெட்டாது நிறுத்திவைப்பதற்கெனவே, நிற்கும் மரத்தை ஈடாகக் கொண்டு கடன் வழங்கும் திட்டத்தையும் அந்நாட்டு வன இலாகா மேற்கொண்டது.

இதனின்றும் நாம் உணரத்தக்கது யாது? ஜனங்கள் மிகுதியாக வாழும் இடத்தில் மரத்திற்கு வேலி ஜனங்களே. ஆனால் பங்கு இருந்தால்தான் அவர்கள் வேலியாவர். பங்கு மட்டும் போதாது. அவசரச் செலவு வரும் நாளில் கோடரியை எடுக்குமுன் சென்று கேட்க ஒரு கடன் சங்கமும் அருகில் இருத்தல் வேண்டும். மரம் வளர்ப்போர் சங்கங்கள் கன்று வழங்குவதோடு நில்லாமல், சிறு கடனுக்கும் நிதி ஒதுக்குமாறு வேண்டுகிறோம்.