நத்தார் கேக்

இலங்கையில் நத்தார் என்று வழங்கும் கிறிஸ்துமஸ் பண்டிகை டிசம்பர் 25ஆம் தேதி வருகிறதென்றாலும், அதற்குரிய கேக் உருவாகத் தொடங்குவது நவம்பர் மாதத்து ஏதோ ஒரு மாலைப் பொழுதில், வீட்டுப் பெரியவர்களும் பிள்ளைகளும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து உலர்ந்த பழங்களை வெட்டத் தொடங்கும்போதுதான். கடையில் வாங்கும் பக்ஷணங்களுக்கு நான் விரோதி அல்லேன். ஆயினும் இந்த ஒரு பதார்த்தத்தை வீட்டிலேயே, அதுவும் குடும்பத்தார் அனைவரும் கூடியே செய்யவேண்டும் என்பது என்னுடைய உறுதியான அபிப்பிராயம். அதற்குக் காரணம் பழைமையின்மேல் உள்ள வெறும் அபிமானம் அன்று, அந்தக் கேக்கின் செய்முறையிலேயே அது அடங்கியிருக்கிறது.

1505இல் வந்திறங்கிய போர்த்துக்கேயரும், அவர்களுக்குப் பின் ஒல்லாந்தரும், 1796 முதல் ஆங்கிலேயரும் அந்தத் தீவின் கரையோரங்களை ஆண்டு சென்றதனால், பறங்கியர் எனப்படும் கலப்பு வம்சத்தாரின் அடுக்களைகளில் பல தேசத்துப் பாகமுறைகள் ஒன்றோடொன்று கலந்தன. நத்தார்க் காலையில் எடாம் பாலாடைக்கட்டியோடு உண்ணப்படும் ப்ரூடர் என்னும் புளித்த மாக் கேக் ஒல்லாந்தர் வழி வந்தது. முட்டையும், அங்கே கஜு என்று வழங்கும் முந்திரிப் பருப்பும், பன்னீரும் சேர்ந்த லவ் கேக் இன்னொரு கிளை. ஆங்கிலேயர் கொண்டுவந்த கறுத்த பழக் கேக்கோ, அந்த மண்ணில் வேரூன்றியபோது அடையாளமே மாறிவிட்டது. மைதா மாவுக்குப் பதிலாக ரவை வந்தது.  கஜு தாராளமாக உள்ளே புகுந்தது. நீற்றுப் பூசணிக்காயைச் சர்க்கரைப் பாகில் காய்ச்சி உலர்த்திய வெள்ளைத் துண்டுகள், பாகில் ஊறிய இஞ்சி, தோடம்பழத் தோல், ஏலம், கறுவா, கராம்பு, சாதிக்காய், பன்னீர், தேன், பிராந்தி ஆகிய அத்தனையும் சேர்ந்து, சீமையிலிருந்து வந்த விருந்தாளியைத் தீவின் பிரஜையாகவே ஆக்கிவிட்டன. தமிழர், சிங்களவர், பறங்கியர் என்ற பேதமின்றிக் கிறிஸ்தவ இல்லங்களில் எல்லாம் இன்று நத்தார் கேக் என்றால் இதுதான்.

ரவையில் என்ன விசேஷம் என்று கேட்கலாம். மைதா மாவில் ஈரம் பட்டு, கரண்டியும் ஓயாமல் சுழன்றால், அதிலுள்ள புரதம் இழுபடும் தன்மையை அடைந்து கேக்கை இறுகச் செய்துவிடும். ரவையின் பருமணிகளோ அவ்வளவு எளிதில் அந்தச் சுபாவத்துக்கு உள்ளாகாமல், கேசரி கிளறும்போது நெய்யை உறிஞ்சிக்கொள்வதைப்போல, வெண்ணெயையும் பழச்சாற்றையும் மெள்ள மெள்ள உள்வாங்கிப் பூரித்து நிற்கும். இதற்காகவே முன்கூட்டியே ரவையை இலேசாக வறுத்து, வெண்ணெயில் பிசைந்து ஊறவைப்பவர்கள் உண்டு.

ஆனால் முதலில் வெட்டு. சுல்தானாவையும் முந்திரிகை வற்றலையும் முழுசாகப் போட்டால் அவை பாரத்தினால் அடியில் தங்கிவிடும் என்பதனால், ஒவ்வொன்றையும் பொடியாக நறுக்கவேண்டும். கத்தி பசை பிடித்து நகர மறுக்கும். வெந்நீரில் தோய்த்துத் துடைத்து மறுபடி தொடங்கவேண்டும். கிலோக்கணக்கில் வெட்டுவது என்றால் ஒருவர் கையால் ஆகிற காரியமா? அங்கேதான் வீடு கூடுகிறது. தகப்பனார் கஜுவை நறுக்க, மூத்தவள் இஞ்சியை எடுத்துக்கொள்ள, பூசணித் துண்டுகளைச் சின்னவனிடம் ஒப்படைப்பார்கள். அதில் பாதி அவன் வாய்க்குப் போகும் என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடக்கிற ஏற்பாடு.

“அம்மம்மா, இது காணுமே?” என்று அவன் பலகையைத் தூக்கிக் காட்டுவான்.

“காணாது ராசா, இன்னும் சின்னனாய் வெட்டு” என்பாள் கிழவி, நிமிர்ந்து பாராமலே.

அந்தச் சில மணி நேரத்தில் அந்த மேசையில் பேசப்படாத விஷயம் இல்லை. இறந்துபோன பாட்டனாரின் பிடிவாதம், பெரியம்மாவின் கலியாணத்தில் நடந்த சண்டை, போன வருஷம் கரிந்துபோன கேக் என்று, வேறெந்தச் சந்தர்ப்பத்திலும் பிள்ளைகளின் காதில் விழாத குடும்ப சரித்திரம் அனைத்தும் அங்கே விழுகிறது. கைகளுக்கு வேலையும் நாவுக்குச் சுதந்திரமும் இருக்கும் இடத்தில்தான் மனிதர்கள் மனந்திறந்து பேசுகிறார்கள். இப்படி வெட்டிய பழங்கள் தேனிலும் பன்னீரிலும் பிராந்தியிலும் நனைந்து, மூடிய பரணிக்குள் சில நாள் முதல் சில வாரங்கள் வரை ஊறிக் கிடக்கும்.

அடுத்தது அடிப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது, சர்க்கரையின் கூர்மையான படிகங்கள் வெண்ணெயைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே புகுத்துகின்றன. அந்த நுண்ணிய குமிழிகளே பின்னர் அடுப்பின் உஷ்ணத்தில் விரிந்து கேக்குக்கு இளக்கம் தருபவை. ஆகவே கலவை வெளுத்துப் பஞ்சுபோல் ஆகும்வரை நிறுத்தலாகாது. இன்று மின்சார இயந்திரம் வந்துவிட்டது. மரக் கரண்டியால் கையாலேயே அடித்த காலத்தில் ஒருவர் சோர்ந்தால் அடுத்தவர் வாங்கிக்கொள்வார். முட்டையின் மஞ்சட்கருவை ஒவ்வொன்றாகத்தான் விடவேண்டும். கொழுப்பையும் நீரையும் இணக்கிவைக்கும் குணம் மஞ்சட்கருவுக்கு உண்டென்றாலும், எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டினால் கலவை திரிந்துபோகும். கால் கிலோ ரவைக்கு 12 மஞ்சட்கரு என்பது நிதானமான கணக்கு. தாராளமான பழைய வீடுகளில் அது 25 வரை போவதும் உண்டு.

ரவையும் ஊறிய பழங்களும் சேர்ந்த கலவையை ஊற்றும் தட்டின் உட்புறத்தில் பல மடிப்புச் செய்தித்தாளும் அதன்மேல் வெண்ணெய் தடவிய தாளும் பரப்புவதைக் கண்டு புதியவர்கள் வியப்பார்கள். இத்தனை சர்க்கரையும் பழமும் அடங்கிய கலவை நேரான சூட்டில் விளிம்பு கரிந்து நடு வேகாமல் நின்றுவிடும் ஆகையால், அந்தத் தாள்கள் கவசமாக நின்று சூட்டைத் தணிக்கின்றன. 150 டிகிரிக்கு மேற்படாத சூட்டில், இரண்டு முதல் இரண்டரை மணி நேரம் வேகவேண்டும். ஓவன் அடுப்பு இல்லாத வீடுகளில் பாத்திரத்தின் மூடிமேலும் சிரட்டைக் கரித் தணலைப் பரப்பி, மேலும் கீழும் சூடு கொடுத்து வேகவைத்ததும் உண்டு. ஊர்ப் பேக்கரியின் விறகுப் போறணைக்குத் தட்டைச் சுமந்து சென்றதும் உண்டு. ஈர்க்குச்சியை நடுவில் குத்தி எடுத்துப் பார்ப்பதே பரீட்சை.

வெந்தவுடன் உண்பதற்கு உரியதன்று இது. காற்றுப் புகாத டின்னில் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கும். சர்க்கரை நீரைத் தன்வசம் பிடித்துவைத்துக்கொள்வதால் பூஞ்சணத்துக்கு அங்கே ஜீவனம் நடப்பதில்லை. பண்டிகைக்குச் சில நாள் முன்பு, கஜு விழுதை மேலே பூசி, சிறு சிறு நீள்சதுரங்களாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் எண்ணெய்த்தாளிலும் வண்ணத்தாளிலும் சுற்றுவார்கள். கலியாணத்திலும் இதே கேக்தான், விருந்தினர் கையில் சின்னப் பெட்டியாகக் கொடுக்கப்படும். சுற்றிய துண்டுகள் தட்டுகளில் அடுக்கப்பட்டு அயல் வீடுகளுக்குப் போகும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் அந்த வீடுகளிலிருந்து பலகாரத் தட்டுகள் வரும். மதங்களைப் பற்றிய பெரிய பேச்சுக்கள் சாதிக்காததைச் சில வேளைகளில் இந்தத் தட்டுகள் சாதித்திருக்கின்றன என்று நான் மெய்யாகவே நம்புகிறேன்.

யுத்தத்தினாலும் பிழைப்பினாலும் சிதறிய குடும்பங்கள் இன்று டொராண்டோவிலும் லண்டனிலும் இதைச் செய்கின்றன. கொழும்பில் பிறந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய சார்மெய்ன் சாலமன் 1976இல் வெளியிட்ட ஆசியச் சமையல் நூலிலும் இதற்கு இடமுண்டு. ஆகவே செய்முறை அழிந்துவிடும் என்ற பயம் எனக்கு இல்லை. என்னுடைய பயமெல்லாம் அந்த மேசையைப் பற்றியதுதான். வெட்டிய பழம் பொட்டலமாகக் கிடைக்கிறது, அடிப்பதற்கு இயந்திரம் இருக்கிறது, முடிந்த கேக்கே கடையில் கிடைக்கிறது என்று வேலையை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே போனால், வீட்டார் கூடி உட்காருவதற்கு இருந்த காரணமும் குறைந்துபோகும்.

ஆகையால், இவ்வருஷம் இதைச் செய்து பார்க்க விரும்பும் வாசகர்கள் நவம்பர் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென்றே ஒதுக்கிவையுங்கள். பழங்களை முழுசாகவே வாங்குங்கள். வீட்டிலுள்ள சிறு பிள்ளைக்கும் ஒரு பலகையும் மழுங்கிய கத்தியும் கொடுத்து, பூசணித் துண்டுகளை மட்டும் வேண்டிய அளவுக்குச் சற்று அதிகமாகவே வாங்கிவையுங்கள்.