மார்கரெட் ரூதர்ஃபோர்டு: சிரத்தையில் பிறந்த ஹாஸ்யம்

நோயல் கவர்ட் எழுதிய ‘பிளைத் ஸ்பிரிட்’ நாடகத்தில் மேடம் அர்காட்டி என்றொரு பாத்திரம் உண்டு. ஆவிகளோடு பேச வல்லவள் என்று பெயர் எடுத்தவள். தன் நாவலுக்கு விஷயம் திரட்டும் பொருட்டு ஓர் எழுத்தாளன் அவளை விருந்துக்கு அழைக்க, அவள் சைக்கிளில் வந்து இறங்கி, அவனுடைய காலஞ்சென்ற முதல் மனைவியின் ஆவியை அவன் வீட்டுக்குள்ளேயே கொண்டுவந்து விட்டுவிடுகிறாள். இத்தகைய வேஷம் ஒரு சாதாரண நடிகைக்குக் கிடைத்தால், கண்ணை உருட்டியும் குரலை நடுக்கியும், ‘இவளை நானும் நம்பவில்லை’ என்று சபையோருக்கு ஜாடை காட்டியும் கைதட்டல் வாங்கிவிடுவாள். 1941-ல் லண்டன் பிக்கடில்லி நாடகசாலையில் இவ்வேஷத்தைத் தாங்கிய மார்கரெட் ரூதர்ஃபோர்டு அம்மையாரோ, அவற்றில் ஒன்றையும் செய்யாமல், கரும்பலகையை நோக்கி நடக்கும் கணக்காசிரியையின் சிரத்தையோடு பரலோகத்தின் கதவைத் தட்டினார். அந்தச் சிரத்தைதான் பார்த்தவர்களைச் சிரிக்கவைத்தது. 1945-ல் டேவிட் லீன் எடுத்த திரைப்படத்திலும் அவரே அப்பாத்திரத்தை ஏற்றதால், அந்த நடிப்பை இன்றும் நாம் கண்ணாரக் காண முடிகிறது.

இந்த அம்மையாரின் பால்யம் ஒரு பெரிய சோகக் கதை. அதில் ஒரு பகுதி நமது சென்னையிலே நடந்தது. அவருடைய தந்தை 1883-ல் சித்தம் கலங்கிய நிலையில், பாதிரியாராக இருந்த தம் சொந்தத் தகப்பனாரையே கொன்றுவிட்டு, பிராட்மூர் மனநோய் விடுதியில் பல ஆண்டுகள் அடைபட்டிருந்தவர். விடுதலையான பிறகு பென் என்ற குடும்பப் பெயரைத் துறந்தார். 1892-ல் லண்டனில் பெண் பிறந்தபின், பழைய விருத்தாந்தம் தம்மைத் தொடராத ஒரு தேசத்தில் புது வாழ்வு தொடங்கும் எண்ணத்தோடு மனைவியையும் குழந்தையையும் அழைத்துக்கொண்டு சென்னைக்குக் கப்பல் ஏறினார். இந்திய மண்ணிலோ, கர்ப்பிணியாக இருந்த அந்தத் தாய் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டாள். மூன்று வயதில் தாயை இழந்த மார்கரெட், விம்பிள்டனில் இருந்த பெரியம்மா பெஸ்ஸி நிக்கல்சனிடம் அனுப்பப்பட்டார். தகப்பனாரும் இறந்துவிட்டார் என்றே அவருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள்; அவர் உயிரோடு மீண்டும் பிராட்மூரில் இருக்கிறார் என்பது சிறுமிப் பருவத்தில் தெரியவந்தபோது உண்டான அதிர்ச்சியும், அதே வியாதி தம்மையும் பற்றுமோ என்ற அச்சமும் ஆயுள் முழுவதும் அவரை விட்டு அகலவில்லை. புகழின் உச்சியில் இருந்த காலத்திலும் மனச்சோர்வுக்காகச் சிகிச்சை பெற்றவர் அவர்.

நாடக ஆசை இளமையிலேயே இருந்தும், பியானோவும் பேச்சுக்கலையும் கற்பித்தே அவர் வெகுகாலம் ஜீவித்தார். வளர்த்த பெரியம்மா விட்டுச்சென்ற சிறு ஆஸ்தியின் துணையால்தான், 1925-ல், முப்பத்து மூன்றாம் பிராயத்தில், ஓல்ட் விக் நாடகசாலையில் பயிற்சி நடிகையாக அவர் பிரவேசிக்க முடிந்தது. கதாநாயகிக்குரிய முகலட்சணம் தமக்கு இல்லை என்பதை உணர்ந்து, அசையும் மோவாயையும் பருத்த சரீரத்தையும் தம் கலையின் கருவிகளாகவே ஆக்கிக்கொண்டார். 1939-ல் ஜான் கில்குட் நடத்திய ஆஸ்கர் வைல்டு நாடகத்தில் மிஸ் பிரிஸம் என்ற ஆசிரியையாக வந்து லண்டனை வசப்படுத்தியவர், மறு ஆண்டே ‘ரெபெக்கா’வில் திருமதி டான்வர்ஸ் என்னும் பயங்கரப் பாத்திரத்தை ஏற்றார்; அவரை வெறும் ஹாஸ்ய நடிகை என்று எண்ணுகிறவர்கள் இதை மறக்கலாகாது. சினிமாவில், ‘பாஸ்போர்ட் டு பிம்லிகோ’வின் சரித்திரப் பேராசிரியையும், ‘தி ஹாப்பியஸ்ட் டேஸ் ஆஃப் யுவர் லைஃப்’ படத்தில் அலஸ்டேர் சிம்முடன் மோதும் தலைமையாசிரியையும் மறக்க ஒண்ணாதவர்கள்.

உலகம் அவரை அறிந்ததோ 1961 முதல் 1964 வரை வந்த நான்கு மிஸ் மார்ப்பிள் படங்களால். அகதா கிறிஸ்டி படைத்த மார்ப்பிள் மெலிந்த, ஓசையற்ற கிராமத்துக் கிழவி. ரூதர்ஃபோர்டின் மார்ப்பிளோ குதிரை ஏறுவார், வாள் வீசுவார். அப்படங்கள் கிறிஸ்டிக்குப் பிடிக்கவில்லை. அவருடைய மனக்குறை நியாயமானது என்றே எனக்கும் தோன்றுகிறது. ஆனாலும் 1962-ல் வெளியிட்ட மார்ப்பிள் நாவல் ஒன்றை அவர் ரூதர்ஃபோர்டுக்கே சமர்ப்பணம் செய்தார் என்பது இருவருக்கும் கௌரவம். அந்த நான்கிலும் மார்ப்பிளுக்குத் துணையாக வரும் சாதுவான மனிதர், ஐம்பது வயதைக் கடந்தபின் 1945-ல் அம்மையார் மணந்துகொண்ட ஸ்ட்ரிங்கர் டேவிஸ். மனம் தளர்ந்த நாட்களிலெல்லாம் அவரைக் காத்து நின்ற கணவர் அவர்.

‘தி வி.ஐ.பி.ஸ்’ படத்தில் கையில் காசில்லாமல் தவிக்கும் சீமாட்டியாக நடித்ததற்கு, எழுபது வயதைத் தாண்டிய பிறகு, ஆஸ்கர் பரிசு கிட்டியது. 1967-ல் டேம் பட்டம் வந்தது. 1972-ல் அவர் காலமானார். ஆயினும் அவருடைய நடிப்பில் ஒன்றே ஒன்றைப் பார்க்க அவகாசம் உள்ளவர்களுக்கு, பரிசு பெற்ற படத்தை விட்டு, ஆர்ஸன் வெல்ஸ் 1965-ல் எடுத்த ‘சைம்ஸ் அட் மிட்நைட்’டையே நான் சொல்வேன். அதில் சத்திரக்காரி குவிக்லியாக வரும் அம்மையார், படத்தின் நாயகன் ஃபால்ஸ்டாஃப் இறந்த விதத்தை, அழுகையை வலிந்து வரவழைக்காமல், ஒரு வீட்டுக்காரி நோயாளியின் செய்தியை அண்டை வீட்டாருக்குச் சொல்லும் நிதானத்தில் சொல்லி முடிக்கிறார். சிரிக்கவைப்பதற்கு அவர் கைக்கொண்ட அதே முறை அங்கே நம்மைக் கலங்க வைக்கிறது.