சாட்டையொலியும் நான்கு காதுகளும்
காற்றுவெளிப் பாதைகள் – 14

எசல பெரஹராவின் ரந்தோலி நாட்களில் கண்டி தலதா வீதியில் இடம் பிடிக்க வேண்டுமானால் மத்தியானமே பாயோடு போய்விட வேண்டும். ஐந்து பேர் குடும்பம் என்றால் ஐந்து இடமும் ஒட்டினாற்போல் வேண்டும். இங்கொன்றும் அங்கொன்றுமாகக் கிடைத்தால் பிள்ளைகளை யார் பார்ப்பது?

இருட்டி, யானைகள் வந்ததும் கையடக்கத் தொலைபேசிகள் எல்லாம் மேலே எழும். திரையில் சிக்னல் கோடுகள் நிறைந்திருக்கும். எடுத்த காணொளி மட்டும் போகாது. கொழும்பிலிருக்கும் அக்காவுக்கு அது போய்ச் சேர்வதற்குள் யானை தலதா மாளிகைக்கே திரும்பியிருக்கும்.

போன வாரம் கோபுரத்திலிருந்து நம் கைக்கு வரும் இறங்குபாதையைப் பார்த்தோம். இது ஏறுபாதையின் கதை. கோபுரத்தின் குரல் நமக்கு எப்படிக் கேட்கிறது என்பதைத்தான் அந்தக் கோடுகள் காட்டுகின்றன. நம் குரல் கோபுரத்துக்கு எட்டுகிறதா என்பது அவற்றுக்குத் தெரியாது. கோபுரம் பல பத்து வாட் வலுவில் பேசும். 4ஜி தொலைபேசிக்கு வழக்கமான உச்சவரம்பு 0.2 வாட்.

எந்தக் கம்பனிக்கு எந்த மீடிறன் என்பதைக் கொழும்பில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு தீர்மானிக்கிறது. அது ஆண்டுக்கணக்கில் நிற்கும் பங்கீடு. கோபுரத்தடியில் நடக்கும் பங்கீடோ ஒவ்வொரு மில்லிசெக்கனுக்கும் மாறும். 20 மெகாஹெர்ட்ஸ் பட்டையை, துண்டுக்கு 180 கிலோஹெர்ட்ஸாக, 100 துண்டுகளாக்குவார்கள். “என்னிடம் இவ்வளவு இருக்கிறது” என்று தொலைபேசி சொல்லும். “இந்தத் துண்டுகளில் அனுப்பு” என்று கோபுரம் விடை தரும்.

நிறையத் துண்டு கிடைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஒரு கரண்டி டின்பாலை ஐம்பது கோப்பைத் தேநீரில் கலக்கிப் பாருங்கள். 0.2 வாட்டை 50 துண்டுகளில் பரப்பினால் துண்டுக்கு 4 மில்லிவாட். ஐந்தில் அடக்கினால் 40. தூரத்தில் நிற்பவருக்குக் கொஞ்சத் துண்டு தருவது வஞ்சனையல்ல, அவர் குரல் எட்டுவதற்கான வழி. 2008இல் வகுத்த 4ஜி விதிப்படி அந்தத் துண்டுகளும் பெரஹரா பாய் மாதிரி ஒட்டியே இருக்க வேண்டும். சிதறினால் தொலைபேசியின் பெருக்கி திடீர் உச்சங்களுக்கு ஈடுகொடுக்கத் திணறும், பற்றரியும் வீணாகும்.

எந்தத் துண்டை யாருக்குக் கொடுப்பது? பெரஹராவுக்கு முன்னே சாட்டையடிப்போர் வருவார்கள். அந்த ஒற்றை அடி சுவர்களில் பட்டுப் பல தடவை காதில் விழும். வானொலி அலையும் அப்படித்தான், கட்டடத்திலும் மலையிலும் பட்டுப் பல வழியாக வரும். ஒரு மீடிறனில் அவை கூடி வலுக்கும். பக்கத்து மீடிறனில் ஒன்றையொன்று அழிக்கும். தொலைபேசியும் இடையிடையே ஒரு ‘சாட்டை’ சொடுக்கும். முன்பே தெரிந்த அந்தச் சோதனைச் சமிக்ஞை எந்தத் துண்டில் தெளிவாக வருகிறது என்று கோபுரம் கவனிக்கும்.

இங்கேதான் கோபுரத்தின் பல அன்டெனாக்கள் கைகொடுக்கின்றன. 1800 மெகாஹெர்ட்ஸில் அலையின் நீளம் சுமார் 17 சென்ரிமீற்றர். கொஞ்சம் தள்ளி நிற்கும் இரண்டு அன்டெனாக்களுக்கே ஒரே குரல் இரு விதமாகக் கேட்கும். ஒன்றுக்கு மங்கிய துண்டு மற்றதற்குத் தெளிவாக இருக்கலாம். ஆகவே ஒரு காதை மட்டும் நம்பித் துண்டு பிரிக்கக் கூடாது; நான்கு அன்டெனா இருந்தால் அந்த நான்கு காதுகள் கேட்டதையும் கூட்டிப் பார்த்தே பிரிக்க வேண்டும். வாவிப் பக்கத்துக் குரலையும் கட்டுகஸ்தோட்டைப் பக்கத்துக் குரலையும் அந்தக் காதுகளால் பிரித்தறிய முடிந்தால், ஒரே துண்டை இருவருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கலாம். பாயை விரிக்காமலே இடம் இரட்டிப்பாகும்.

தெளிவானவருக்கே எல்லாம் கொடுத்தால் மூலையில் நிற்பவர் பட்டினி. எல்லாருக்கும் சரிசமமாக அளந்தால் மொத்தமும் மந்தம். அதனால், இப்போது யார் தெளிவு என்பதோடு, இதுவரை யாருக்குக் குறைவாகக் கிடைத்தது என்பதையும் சேர்த்து நிறுப்பது வழக்கம்.

அடுத்த பெரஹராவில் காணொளி நின்றால் இரண்டடி நகர்ந்து பாருங்கள். 17 சென்ரிமீற்றர் அலைக்கு அதுவே பெரிய பயணம்.

1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டன் தம் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைப் பேராதனைப் பூங்காவுக்குக் கொண்டுவந்தார். சுற்றிலும் மலை நிற்கும் ஊரிலிருந்து வானொலி அலை எப்படி வெளியேறும்?

(அடுத்த வாரம்)