குருதியுண் பேயும் வழிநூல் மரபும்

மாதவரத்தில் நம்பால் தமிழ் பயிலும் மாணாக்கர் சிலர் அண்மையில் ஒரு வினா எழுப்பினர். வினயன் இயக்கிய ‘டிராகுலா 2012’ என்னும் மலையாளப் படம் ‘நான்காம் பிறை’ என்ற பெயரால் தமிழ்க் குரல் பெற்றது. பிறர் கதையைச் சிறுசெலவில் மீண்டும் எடுக்கும் இத்தகைய படங்களைத் திருட்டு என்பதா, படைப்பு என்பதா என்பதே அவ்வினா. நகைத்து ஒதுக்கத்தக்க வினா அன்று இது.

நம் இலக்கணத்தில் இதற்கு விடை தேடலாம். தொல்காப்பியர் மரபியலில் வழிநூலுக்கு இடம் தந்தார். முதனூலைச் சுருக்குதலும், விரித்தலும், அவ்விரண்டும் ஒருங்கு செய்தலும், பிறமொழியினின்று பெயர்த்து யாத்தலும் அதன் வகைகளாம். நன்னூலாரோ, பின்னோன் தான் வேண்டும் விகற்பத்தைச் சேர்ப்பதையும் வழிநூலின் இயல்பாகவே கொண்டார். விகற்பம் உண்டா என்று நோக்குவதே நாம் கொள்ளத்தக்க அளவுகோல்.

பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897-இல் வெளிவந்தது. செருமானிய இயக்குநர் மூர்னோ, உரிமை பெறாமலே, பெயர்களை மாற்றி 1922-இல் ‘நோஸ்ஃபெராட்டு’ என்னும் ஊமைப்படமாக அதனை ஆக்கினார். ஸ்டோக்கரின் மனைவியார் வழக்குத் தொடுத்தார். படத்தின் படிகளை அழிக்குமாறு 1925-இல் தீர்ப்பாயிற்று. ஆயினும் சில படிகள் எஞ்சின. வியப்பு யாதெனின், நாவலில் டிராகுலா ஆற்றல் குன்றினும் பகலில் நடமாடுகின்றான். கதிரொளி பட்டு மாய்வது நாவலில் இல்லை. அஃது இவ்வழிநூலார் சேர்த்த விகற்பம். இன்று உலகோர் அதனையே பழைய மரபென்று நம்புகின்றனர்!

இலாகூரில் 1967-இல் குவாஜா சர்ஃபராஸ் இயக்கிய ‘ஜிந்தா லாஷ்’ என்னும் உருதுப் படம் வேறொரு வழியிற் சென்றது. அதில் வருவோன் கோட்டைப் பிரபு அல்லன். சாவாமருந்து காண விழைந்து, தான் ஆக்கிய மருந்தையே உண்டு பேயான பேராசிரியன். சிலுவைக்கு அஞ்சும் பேய் அந்நாட்டார் நெஞ்சிற் புகாது எனக் கருதினர் போலும். தமிழில் 1989-இல் வேலு பிரபாகரன் இயக்கிய ‘நாளைய மனிதன்’ குருதியுண் பேயின் கதையன்று. எனினும் இறந்தாரை உயிர்ப்பிக்கும் மருந்தினின்றே அதன் அச்சமும் பிறக்கின்றது.

தமிழகத்தில் இத்தயக்கம் இயல்பே. பிணத்தைப் பேழையில் இட்டுப் புதைக்கும் வழக்கத்தை ஒட்டி எழுந்த கதை, சுடலையில் எரிக்கும் வழக்கம் மிக்க நாட்டில் எங்ஙனம் வேர்கொள்ளும்? நமக்கு அண்மையிலுள்ள பேயோ பழையனூர் நீலி. முற்பிறப்பில் தன்னைக் கொன்றவன் வணிகனாய்ப் பிறந்து வர, கள்ளிக் கொம்பைக் குழவியாக்கி இடுப்பில் ஏந்தி, அவன் மனைவியென வழக்காடினாள். வணிகனுக்குக் காவல் அவன் கைவாள். எழுபது வேளாளர் பிணை நின்று அவ்வாளை வாங்கிக்கொண்டனர். அவ்விரவே அவன் மாய்ந்தான். சொன்ன சொல் தவறாது எழுபதின்மரும் தீப்பாய்ந்தனர். மேலைக் கதையில் சிலுவை செய்யும் காவலை ஈண்டு இரும்பு செய்கின்றது. ஆனால் நீலியின் கதையில் அச்சம் பேயின் பல்லில் இல்லை. நல்லோர் கொடுத்த வாக்கிலேயே உள்ளது. சம்பந்தரும் தம் ஆலங்காட்டுப் பதிகத்தில் இக்கதையைச் சுட்டுகின்றார்.

இந்நீலியையே மீண்டும் படைத்தவர் சமணப் புலவர். உயிர்ப்பலியைத் தடுத்த முனிவரை வெருட்டவந்த ஆலங்காட்டுப் பேய், அவர் அறவுரை கேட்டுத் திருந்தி, ஊர்தோறும் சென்று பிற சமயத்தாரை வாதில் வெல்லும் தருக்கியாக மாறுவதே ‘நீலகேசி’. குருதி வேட்டவள் கொல்லாமை பேசுகின்றாள். இதனினும் துணிந்த விகற்பம் எந்தத் திரைப்படத்தில் உண்டு? பௌத்தக் ‘குண்டலகேசி’க்கு மறுப்பாக எழுந்த இந்நூலின் உரையே, மறைந்துபோன அம்முதனூலின் பாடல்கள் சிலவற்றைக் காத்துத் தந்துள்ளது.

இவ்வளவுகோல் கொண்டு நோக்கின், ‘நான்காம் பிறை’ திருட்டு அன்று, மெலிந்த வழிநூல். அயல்நாட்டுக் கோட்டையை அவ்வாறே கொணர்ந்தது. இந்நிலத்து யட்சியும் நீலியும் அருகிருந்தும் அவர்களை அது வினவவில்லை. சிறுசெலவு ஈண்டுக் குற்றமன்று. நீலிக்கு வேண்டியது ஒரு கள்ளிக் கொம்பே.