கால் பலம் கூடியிருக்கிறதா? அளந்து பார்ப்பது எப்படி

ஷெல் காயத்துக்குப் பிறகு பயிற்சி செய்துவரும் ஒருவரைக் கண்டால் நாம் முதலில் கேட்பது, “இப்ப கால் கொஞ்சம் பலமோ?” என்பதுதான். “ஓம், பரவாயில்லை” என்று அவர் சொல்ல, பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஆனால் பாரத்தைக் கூட்டுவதா, இதே பயிற்சியைத் தொடர்வதா, வயல் வேலைக்கு இறங்குவதா என்று தீர்மானிக்க அந்தப் “பரவாயில்லை” போதாது.

பாரம் தூக்கும் பயிற்சி ஒரு சிகிச்சையாகப் பரவியதும் போர்க் காயங்களால்தான். இரண்டாம் உலகப்போரில் முழங்கால் காயப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்கு, சிக்காகோவின் இராணுவ வைத்தியசாலையொன்றில் தோமஸ் டிலோர்ம் என்ற வைத்தியர், பாதத்தில் இரும்புச் சப்பாத்தைக் கட்டிப் பயிற்சி கொடுத்தார். பத்துத் தடவை மட்டும் தூக்க முடிந்து, பதினோராவது தடவை முடியாமற்போகும் பாரம் எதுவோ, அதுவே அவரது அளவுகோல். 1945இல் அவர் வெளியிட்ட இந்த முறை இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது.

இருந்தாலும் எண்கள் ஏமாற்றக்கூடியவை. 1988இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், 60 முதல் 72 வயதான ஆண்கள் 12 கிழமைகள் பாரப்பயிற்சி செய்தார்கள். முழங்காலை நீட்டி ஒரே தடவையில் தூக்கக்கூடிய ஆகக்கூடிய பாரம் சுமார் 107 வீதத்தால் கூடியிருந்தது. அதே கால்களை, அசைவின் வேகத்தை மாறாமல் வைத்து விசையை அளக்கும் இயந்திரத்தில் சோதித்தபோது கிடைத்த கூடுதல் வெறும் 10 வீதம். தசையின் பருமனும் ஏறத்தாழ அந்தளவுதான் கூடியிருந்தது.

இரண்டு எண்ணும் பொய்யல்ல. பழகிய அசைவிலேயே சோதித்தால் முன்னேற்றம் பெரிதாகத் தெரியும். முதற் கிழமைகளில் தசை பெருக்க முன்னரே நரம்புகள் அதை நன்றாக இயக்கப் பழகிக்கொள்கின்றன. ஆகவே முதல்நாள் எண்ணை அடிப்படையாக வைக்கக்கூடாது. இரண்டு மூன்று நாள் பழகிய பிறகு வரும் எண்ணைக் கொப்பியில் எழுதுங்கள். வீதக் கணக்கிலும் கவனம் தேவை. 1 கிலோவிலிருந்து 2 கிலோவுக்குப் போனாலும் 100 வீதம்தானே!

வீட்டில் இதற்கு இயந்திரம் வேண்டாம். துணிப்பையில் மணல் நிரப்பி, கடைத் தராசில் நிறுத்து, கணுக்காலில் கட்டுங்கள். கால் நிலத்தில் முட்டாத உயரமான மேசையில் இருந்து, முழங்காலை முழுதாக நீட்டி மெதுவாக இறக்குங்கள். சரியாகப் பத்துத் தடவை முடிகிற பாரம் உங்கள் எண். இரண்டு கிழமைக்கு ஒருமுறை, அதே மேசையில், அதே நேரத்தில், பயிற்சிக்கு முன் சோதித்தால் போதும். தொடையை நாடாவால் அளப்பதை மட்டும் நம்பவேண்டாம். வீக்கமும் கொழுப்பும் அதைக் குழப்பிவிடும்.

முழங்காலுக்குக் கீழே காலை இழந்தவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பை முழங்காலுக்குக் கிட்டவாகக் கட்டப்படும்போது அதே பாரம் இலேசாகத் தோன்றும். முழங்காலிலிருந்து 40 சென்ரிமீற்றரில் கட்டிய 4 கிலோவும் 20 சென்ரிமீற்றரில் கட்டிய 8 கிலோவும் முழங்காலுக்குத் தரும் சுமை ஏறக்குறைய ஒன்றே. எனவே கிலோவைத் தூரத்தால் பெருக்கித்தான் இரண்டு பக்கத்தையும் ஒப்பிடலாம். அப்போதும் “நல்ல கால்” நிலையான அளவுகோல் அல்ல. நீண்டகாலம் படுக்கையில் இருந்தால் அதுவும் மெலியும். இன்னொரு விசயம்: ஒரு காலுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தாலும் மற்றக் காலின் பலம் ஓரளவு கூடுகிறது. ஒரு கால் கட்டுப்போட்டுக் கிடக்கும் நாட்களிலும் மற்றதைச் சும்மா விடாதிருக்க இது நல்ல காரணம்.

மணல் பையோடு கதிரைச் சோதனையையும் செய்யுங்கள். சுவரோடு வைத்த, சுமார் 43 சென்ரிமீற்றர் உயரக் கதிரையில், கைகளை மார்பில் குறுக்கே வைத்து, 30 விநாடிகளில் எத்தனை தடவை முழுதாக எழும்பி இருக்கிறீர்கள் என்று ஒருவர் எண்ணட்டும். பையின் எண் கூடி, கதிரை எண் அசையாமல் நின்றால், கூடிய பலம் இன்னும் அன்றாட அசைவுக்கு வந்து சேரவில்லை. அப்போது பாரத்தைக் கூட்டுவதை விட, எழும்புவதையும் படி ஏறுவதையும் பயிற்சியில் சேர்ப்பதே பயன்தரும்.

ஆறாத புண், உள்ளே தகடு அல்லது சிதறல் துண்டு, இருதய நோய் உள்ளவர்கள் வைத்தியரிடமோ இயன்மருத்துவரிடமோ கேட்டபிறகே தொடங்கவேண்டும். கிளினிக் போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்.